மலை வீடுகளில் வெளுத்துப்போன வாசல் கதவுகளைப் புதுப்பிப்பது எப்படி?

பழனி மலைத் தொடரில் வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்து, தை, மாசியில் வானம் தெளிகிறது. பூண்டு, உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ் பயிரிடும் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், வில்பட்டிப் பகுதிகளிலும், காப்பி, மிளகு, மலைவாழை பயிரிடும் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் பகுதிகளிலும் வீடு, கொட்டகை மராமத்துக்கு இதுவே ஏற்ற காலம். கூரைத் தகரத்தைப் பார்க்கிறோம், சுவரைப் பூசுகிறோம். ஆனால் ஆண்டு முழுவதும் வெயிலையும் சாரலையும் நேரில் வாங்கும் கதவைக் கவனிப்பவர்கள் குறைவு. கதவு அடியில் உளுத்து எலி நுழைய வழி ஏற்பட்ட பிறகுதான் தச்சரைத் தேடுகிறோம்.

கதவு அழகுக்காக மட்டும் வைத்ததல்ல. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. விலை வரும் வரை அந்தப் பூண்டையும், அடுத்த போகத்துக்கான விதைக்கிழங்கையும், உலர்த்திய காப்பிக் கொட்டையையும் காப்பது கொட்டகைக் கதவுதான். கதவின் கீழ் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் எலியும் வரும், மூடுபனியின் ஈரமும் வரும்.

புதுக் கதவு போடுவது இன்று எளிதல்ல. மரம் விலை ஏறிவிட்டது. மேலும், 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் அமலில் உள்ள கிராமங்களில், சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தைக்கூட அதற்கான குழுவின் அனுமதி பெறாமல் வெட்ட முடியாது. ஆகவே இருக்கும் கதவைக் காப்பாற்றுவதே சிக்கனம். நான்கைந்து நாள் கைவேலையும், ஒரு லிட்டர் பூச்சும் இருந்தால் பெரும்பாலான கதவுகளைப் புதுப்பித்துவிடலாம். பார்ப்பதற்குச் சாம்பல் பூத்து, வெடித்துக் கிடக்கும் கதவும் உள்ளே நல்ல கட்டையாக இருக்கக்கூடும்.

கதவு ஏன் வெளுக்கிறது?

மரத்தின் நார்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் இந்த லிக்னினைச் சிதைக்கிறது. சிதைந்த பொருளை மழை கழுவிவிடுகிறது. பிடிப்பில்லாத நார்கள் மட்டும் மேலே தங்கி, சாம்பல் நிறமாகத் தெரிகின்றன. இதோடு ஈரத்தில் வளரும் கறுப்புப் பூசணமும் சேர்ந்துகொள்கிறது.

மலையில் இந்த வேலை சமவெளியைவிட வேகமாக நடக்கும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிரின் வலு சுமார் 10 சதவீதம் கூடும். இங்குள்ள காற்று தூசின்றித் தெளிவாக இருப்பதால்தான் 1899-இல் சூரிய ஆய்வுக்கூடம் இங்கே தொடங்கப்பட்டது. சூரியனை ஆராய்வதற்கு வசதியான அதே தெளிவான வானம் மரத்துக்குப் பகையாக அமைகிறது. குளிராக இருக்கிறதே, வெயில் என்ன செய்யும் என்று எண்ணக்கூடாது. சூடு வேறு, கதிர் வேறு.

பகலில் வெயில், மாலையில் மூடுபனி, இரவில் பனித்துளி என்று ஒரே நாளில் கதவு காய்ந்து நனைந்து மீண்டும் காய்கிறது. நனையும்போது மரம் ஊதும், காயும்போது சுருங்கும். இப்படி ஊதிச் சுருங்கித்தான் பலகையில் வெடிப்பு விழுகிறது. வெடிப்பில் புகுந்த தண்ணீர் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கி, அழுகலைத் தொடங்கி வைக்கிறது.

வெளுப்பு வேறு, அழுகல் வேறு

இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வது முக்கியம். வெளுப்பு தோலோடு நிற்பது. பைன் போன்ற மென்மரம் ஒன்றும் பூசாமல் வெயில் மழையில் நின்றால், நூறு ஆண்டில் சுமார் 6 மில்லிமீட்டர் மட்டுமே தேயும். தேக்கு, வேங்கை போன்ற கடினமரங்கள் அதைவிடக் குறைவாகவே தேயும். அழுகல் அப்படியல்ல. ஈரம் நிலைத்துவிட்டால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் முழங்கை கனமுள்ள கட்டையையும் மாவாக்கிவிடும்.

மரத்தின் எடையில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் வரை அழுக வைக்கும் காளான் வளராது. எனவே கதவைப் புதுப்பிப்பதன் உண்மையான நோக்கம் பளபளப்பு அல்ல. மரத்துக்குள் தண்ணீர் புகாமல் தடுப்பதும், புகுந்த தண்ணீர் வெளியேற வழி செய்வதுமே நோக்கம்.

வேலை தொடங்குமுன் மூன்று சோதனைகள் செய்து பார்க்க வேண்டும்.

முதலாவது, கத்திமுனைச் சோதனை. பேனாக் கத்தி அல்லது சாக்குத் தைக்கும் கோணி ஊசியைக் கதவின் அடிப்பகுதி, சட்டங்கள் சேரும் மூலைகள், நிலையின் கால்கள் ஆகிய இடங்களில் குத்திப் பார்க்கவும். நல்ல மரத்தில் முனை சிறிதளவே இறங்கும். நெம்பினால் நீண்ட சிலும்பாகப் பெயரும். அழுகிய மரத்தில் முனை தடையின்றி இறங்கும். நெம்பினால் ரொட்டித் துண்டு போல் பொடிந்து வரும்.

இரண்டாவது, தண்ணீர்த் துளிச் சோதனை. உலர்ந்த கதவின் மீது சில துளி தண்ணீர் விடவும். துளி முத்தாக நின்றால் பழைய பூச்சு இன்னும் வேலை செய்கிறது. சில நொடிகளில் உறிஞ்சிக்கொண்டால் பூச்சு செத்துவிட்டது என்று பொருள்.

மூன்றாவது, தட்டிப் பார்ப்பது. சுத்தியலின் பிடியால் தட்டினால் கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த இடம் பொத்தென்று ஒலிக்கும். சிறு துளைகளிலிருந்து மாவு போல் தூள் உதிர்ந்தால் உளுவண்டு இப்போதும் உள்ளே இருக்கிறது. வைரம் பாய்ந்த கட்டையில் இது குறைவு. பலா, சில்வர் ஓக் ஆகியவற்றின் வெள்ளைக்கட்டையில் அதிகம்.

கதவின் நடுப்பலகைகளிலும் மேல் சட்டத்திலும் கெட்டி இருந்து, அடியில் ஓர் அடி உயரத்துக்குள் மட்டும் அழுகல் இருந்தால் கதவைக் காப்பாற்றலாம். சட்டங்கள் சேரும் பொருத்துகள் எல்லாமே இற்றுவிட்டால் செலவிட்டுப் பயனில்லை. அத்தகைய கதவின் நல்ல பலகைகளை மட்டும் எடுத்து வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பழைய பெயிண்டில் உள்ள ஆபத்து

பழைய பச்சை, மஞ்சள், சிவப்பு, வெள்ளை எனாமல் பெயிண்டுகளில் ஈயம் சேர்க்கப்பட்டிருந்தது. வீட்டு உபயோக பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு விதி வகுத்தது. இது 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு பூசிய கதவு எதுவாயினும், அதில் ஈயம் இருப்பதாகவே கருதி வேலை செய்வது புத்திசாலித்தனம்.

ஈயத் தூள் மூச்சிலும் உணவிலும் கலந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சி கெடும். கர்ப்பிணிகளுக்கும் தீங்கு. கால்நடைகளும் தப்புவதில்லை. கன்றுக்குட்டிகள் பழைய பெயிண்ட் கதவை நக்கியும், உதிர்ந்த செதில்களைத் தின்றும் நஞ்சேறி இறப்பது பல நாடுகளில் கால்நடை மருத்துவர்கள் கண்ட உண்மை. மாட்டுக் கொட்டகைக் கதவில் பெயிண்ட் உரிந்து தொங்கினால் அதை அலட்சியம் செய்யக்கூடாது.

எனவே பழைய பெயிண்டைக் காய்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்க்கக் கூடாது. தண்ணீர் தெளித்து, ஈரமாக இருக்கும்போதே சுரண்டியால் சுரண்ட வேண்டும். தீ காட்டிப் பெயிண்டை உரிக்கக் கூடாது. அந்தப் புகை தூளைவிடக் கொடியது. கீழே பழைய பாலித்தீன் விரிப்பைப் போட்டு, விழும் செதில்களைப் பொறுக்கிக் கட்டிவிட வேண்டும். அதை எருக்குழியிலோ, காய்கறித் தோட்டத்திலோ, ஓடையிலோ கொட்டக் கூடாது. பெயிண்ட் பூசிய பழைய பலகையை அடுப்பெரிக்கவும், குளிர் காயவும் பயன்படுத்தக் கூடாது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வேலை செய்து, முடித்ததும் குளித்து, துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் குழந்தைகள், கோழி, மாடு ஆகியவற்றை விடக்கூடாது.

வேலைக்கு ஏற்ற நாள்

மலையின் மேல்பகுதிக்கு மாசி, பங்குனி மாதங்கள் மிகவும் ஏற்றவை. தையில் இரவு உறைபனி விழும் இடங்களில் பூச்சு சரியாகக் காயாது. சித்திரையில் கோடை மழை தொடங்கிவிடும். காப்பி விளையும் கீழ்மலையில் தை பாதி முதலே தொடங்கலாம்.

பூச்சு வேலையைக் காலை 10 மணிக்குப் பிறகு, பனித்துளி முற்றிலும் காய்ந்த பின் தொடங்கி, பிற்பகல் 2 மணிக்குள் முடித்துவிட வேண்டும். மாலை மூடுபனி இறங்குமுன் பூச்சின் மேல்தோல் காய நேரம் வேண்டும். நேர் வெயிலிலும் பூசக்கூடாது. மேலே சீக்கிரம் காய்ந்து, உள்ளே காயாமல் கொப்புளம் கட்டும். கதவைக் கழற்றி, காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில் இரண்டு முக்காலிகள் மீது படுக்க வைத்து வேலை செய்வதே சிறந்தது. இரவில் காவலுக்குப் பழைய தகரத்தையோ பலகையையோ வாசலில் பொருத்திக்கொள்ளலாம்.

தேவையான பொருட்கள்

ஆறரை அடி உயரம், மூன்று அடி அகலமுள்ள ஒரு கதவுக்கு இரு பக்கமும் ஓரங்களும் சேர்த்து ஏறத்தாழ 4 சதுர மீட்டர் பரப்பு வரும். அதற்குத் தேவையானவை:

மர பிரைமர் அரை லிட்டர், எனாமல் பெயிண்ட் 1 லிட்டர். எண்ணெய்ப் பூச்சு பூசுவதானால் இவற்றுக்குப் பதில், கடையில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் ஒன்றேகால் லிட்டர், டர்பன்டைன் கால் லிட்டர், நைசான ரெட் ஆக்சைடு பொடி 150 கிராம்.

60, 80, 120 எண் உப்புத்தாள் இரண்டிரண்டு, சுரண்டி, இரண்டு அங்குல பிரஷ், தேங்காய் நார் பிரஷ், துணி துவைக்கும் சோப்புத்தூள், ரப்பர் கையுறை, பழைய பருத்தித் துணி, துத்தநாகம் பூசிய திருகாணிகள்.

கழற்றுதலும் கழுவுதலும்

கதவைக் கழற்றி, கீல், கொண்டி, நாதாங்கி, தாழ்ப்பாள் அனைத்தையும் எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைக்கவும். எந்தக் கீல் எங்கே இருந்தது என்று அடையாளம் செய்துகொள்ளவும். துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கிவிடவும். பிடுங்க முடியாதவற்றை உள்ளே தட்டி இறக்கவும்.

முதலில் பாசி, மரப்பாசி, பறவை எச்சம் ஆகியவற்றைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரும் நார் பிரஷும் கொண்டு மரத்தின் ரேகை போகும் திசையில் தேய்க்கவும். கம்பி பிரஷ் கூடாது. அது மெத்தென்ற நார்களைக் கிழித்துவிடும். அறுந்த கம்பித் துண்டுகள் மரத்தில் தங்கித் துருவேறிக் கறையாகும்.

கறுப்பாக இருப்பது அழுக்கா, பூசணமா என்று தெரியவில்லையென்றால், துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவத்தில் ஒரு துளி விட்டுப் பார்க்கலாம். ஓரிரு நிமிடத்தில் கறுப்பு மறைந்தால் அது பூசணம். மறையாவிட்டால் அழுக்கு. பூசணமானால் ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்தை மூன்று பங்கு தண்ணீரில் கலந்து தடவி, 10 நிமிடம் கழித்து நன்றாகக் கழுவிவிட வேண்டும். பூசணத்தை அழிக்காமல் மேலே பெயிண்ட் பூசினால் அது அடுத்த மழையில் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு வரும்.

ஆணியைச் சுற்றி நீலக் கறுப்பாகப் படரும் கறை வேறு வகை. மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து உண்டாவது அது. யூகலிப்டஸ், வேங்கை முதலிய மரங்களில் இதைப் பார்க்கலாம். வார்னிஷ் அல்லது எண்ணெய் பூசுவதானால் மட்டும் இதை நீக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் வெந்நீர் ஊற்றி, 50 கிராம் ஆக்ஸாலிக் அமிலத்தைக் கரைத்து, கையுறையுடன் கறை மீது தடவி, கறை மங்கியதும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவவும். இது நஞ்சு. சமையல் பாத்திரத்தில் கலக்கக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. பிளீச்சிங் திரவத்தோடு இதைச் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும். ஒன்றை முழுதும் கழுவி, கதவு காய்ந்த பிறகே மற்றதை எடுக்க வேண்டும்.

உலர்த்துதல்

கழுவிய கதவை நிழலில், காற்று இரு பக்கமும் படும்படி, குறைந்தது ஒரு வாரம் உலர்த்த வேண்டும். கனமான கதவானால் இரண்டு வாரம் ஆகலாம். அவசரப்பட்டு ஈரக் கதவுக்குப் பெயிண்ட் அடித்தால், உள்ளே சிக்கிய ஈரம் வெயிலில் ஆவியாகிப் பெயிண்டை உரித்துத் தள்ளிவிடும். அடித்த பெயிண்ட் ஆறு மாதத்தில் உரிவதற்குப் பெரும்பாலும் காரணம் பெயிண்டின் தரக் குறைவு அல்ல, மரத்தின் ஈரமே.

தேய்த்தலும் இழைத்தலும்

காய்ந்த பிறகு, பெயிண்ட் இல்லாத சாம்பல் நிறப் பகுதிகளை 60 எண் உப்புத்தாளில் தொடங்கி, 80, 120 என்று ரேகைத் திசையிலேயே தேய்க்க வேண்டும். சாம்பல் முற்றிலும் போய், மரத்தின் சொந்த நிறம் தெரியும் வரை தேய்ப்பது அவசியம். சாம்பல் நிற நார்களுக்குக் கீழ் மரத்தோடு பிடிப்பில்லை. அதன் மேல் அடித்த பெயிண்ட் நாரோடு சேர்ந்து உரிந்து வரும். அமெரிக்காவில் மாடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வுக்கூடம் செய்த சோதனைகளில், புதுப் பலகை பூச்சின்றிச் சில வாரங்கள் வெயிலில் கிடந்தாலே பெயிண்டின் பிடிப்பு குறைந்துவிடுவது தெரியவந்தது. ஆகவே தேய்த்து முடித்த கதவை அந்த வாரத்திலேயே பூசிவிட வேண்டும்.

வெளுப்பு ஆழமாக இருந்தால் தச்சரிடம் இழைப்புளி போட்டுக்கொள்ளலாம். ஆனால் மெல்லிய பலகையில் இழைப்புளி போட்டால் கனம் குறைந்துவிடும். சித்திர வேலை உள்ள பழங்கதவுகளுக்கும் இழைப்புளி கூடாது.

அழுகிய பகுதிக்கு ஒட்டு

அழுகிய மரத்தை உளியால் செதுக்கி, நல்ல கட்டை தெரியும் வரை எடுத்துவிடவும். அதற்கு மேலும் இரண்டு அங்குலம் சேர்த்து வெட்டுவது நல்லது. காளானின் வேர் கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டியும் இருக்கும்.

பிறகு 1 லிட்டர் வெந்நீரில் போராக்ஸ் 30 கிராமும் போரிக் அமிலம் 20 கிராமும் கரைத்து, வெட்டிய இடத்திலும் வண்டுத் துளைகளிலும் இரண்டு மூன்று முறை தாராளமாகத் தடவி உலரவிடவும். இந்த மருந்து காளானையும் உளுவண்டையும் தடுக்கும். ஆனால் மழையில் கரைந்துபோகும் தன்மையுடையது. எனவே உலர்ந்தபின் மேலே பூச்சு கட்டாயம்.

கதவின் அடிச்சட்டத்துக்கு ஒட்டுக் கட்டை சேர்க்கும்போது, நேராக வெட்டிச் சேர்க்காமல், வெளிப்பக்கம் சரியும்படி சாய்வாக வெட்டிச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் பொருத்தில் தண்ணீர் தங்காது. ஒட்டுக் கட்டையும் அதே வகை மரமாக, நன்கு உலர்ந்ததாக இருக்கட்டும். பச்சைக் கட்டை சுருங்கிப் பிளவு விடும். சாதாரண வெள்ளைப் பசை மழையில் இளகிவிடும். தண்ணீர் தாங்கும் வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

சிறு வெடிப்புகளைப் பிரைமர் பூசியபின் எண்ணெய்ப் பட்டி வைத்து அடைக்கலாம். அகன்ற வெடிப்பில் பட்டியைத் திணித்தால் மழையில் மரம் ஊதும்போது அது பிதுங்கி விழும். அங்கே மரச் சிம்பு சீவிப் பசையிட்டு இறக்குவதே சரி.

எந்தப் பூச்சு நல்லது?

வெயில் நேரே விழும் கதவுக்கு நிறமுள்ள எனாமல் பெயிண்டே அதிக நாள் உழைக்கும். பெயிண்டிலுள்ள நிறப்பொடி கதிரை மரத்துக்குள் விடாமல் தடுக்கிறது. நன்றாகத் தயார் செய்த கதவில் ஐந்தாறு ஆண்டு தாங்கும்.

வார்னிஷ் அழகானது. ஆனால் கண்ணாடி போன்றது. அதன் வழியே கதிர் உள்ளே சென்று, வார்னிஷுக்குக் கீழிருக்கும் மரத்தை வெளுக்கச் செய்யும். அதனால் வார்னிஷ் செதிலாக உரியும். தாழ்வாரத்தின் உள்ளே, வெயிலும் சாரலும் படாத கதவுக்கு மட்டும் வார்னிஷ் ஏற்றது.

கொட்டகைக் கதவு, தொழுவக் கதவு ஆகியவற்றுக்கு ஆளிவிதை எண்ணெயும் ரெட் ஆக்சைடும் கலந்த செங்காவிப் பூச்சு சிக்கனமானது. ஸ்வீடன் நாட்டில் பாலூன் என்னும் ஊரின் தாமிரச் சுரங்கத்தில் கிடைக்கும் செம்மண் பொடியைக் கொண்டு செய்த பூச்சைத்தான் அந்நாட்டு உழவர்கள் பல நூற்றாண்டுகளாகத் தங்கள் மரவீடுகளுக்கும் களஞ்சியங்களுக்கும் பூசி வருகிறார்கள். நம் வீட்டுத் தரைக்குப் போடும் செங்காவியின் நிறமும் இதே இரும்புத் துருவிலிருந்து வருவதுதான். இந்தப் பூச்சு உரியாது. மெல்ல மெல்லத் தேயும். ஆகவே மறுபடி பூசும்போது சுரண்ட வேண்டியதில்லை. தூசி தட்டிவிட்டு மேலே பூசினால் போதும். நிறப்பொடி சேர்க்காத வெறும் ஆளி எண்ணெய் மட்டும் பூசினால், மூடுபனிப் பகுதியில் சில மாதங்களில் கறுப்புப் பூசணம் பிடிக்கும்.

வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் ஆகியவை காற்றில் உறைந்து கெட்டியாகும் எண்ணெய்கள் அல்ல. பிசுபிசுப்பாகவே இருந்து தூசியைப் பிடிக்கும்.

லாரி, டிராக்டரிலிருந்து வடித்த கழிவு ஆயிலைக் கதவுக்குப் பூசும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. செலவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆயிலில் உலோக நஞ்சுகளும், தோலுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களும் உள்ளன. பூண்டும் விதைக்கிழங்கும் வைக்கும் அறையில் அது வேண்டாம். ஒருமுறை கழிவு ஆயில் ஊறிய மரத்தில் பிறகு எந்தப் பெயிண்டும் பிடிக்காது.

பூசும் முறை

பெயிண்ட் பூசுவதானால் முதலில் ஒரு கை பிரைமர். அது காய்ந்ததும் பட்டி வைத்து, 120 எண் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, துணியால் துடைத்து, இரண்டு கை எனாமல் அடிக்கவும். ஒரு கைக்கும் மறு கைக்கும் இடையே சமவெளியில் ஒரு நாள் போதும். மலையில் இரண்டு நாள் விடுவது நல்லது. ஒரே கையாகத் தடித்துப் பூசுவதைவிட மெல்லியதாக இரண்டு கை பூசுவதே உழைக்கும்.

செங்காவிப் பூச்சுக்கு, ரெட் ஆக்சைடு பொடியைத் துணியில் சலித்து, சிறிது எண்ணெய் விட்டுக் களிம்பாகக் குழைத்து, பிறகு மீதி எண்ணெயில் கரைக்கவும். முதல் கைக்கு நான்கு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு டர்பன்டைன் சேர்த்தால் மரத்தில் ஆழமாக இறங்கும். 20 நிமிடம் ஊறவிட்டு, மரம் குடிக்காத மிச்ச எண்ணெயைத் துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்து இரண்டாம் கை பூசலாம். டர்பன்டைன் தீப்பற்றக் கூடியது. அடுப்பின் அருகிலோ, பீடி புகைத்துக்கொண்டோ இந்த வேலையைச் செய்யக் கூடாது. எண்ணெயை அடுப்பில் வைத்துக் காய்ச்சவும் கூடாது.

எந்தப் பூச்சானாலும் கதவின் அடி ஓரமும் மேல் ஓரமும் முக்கியம். பலகையின் வெட்டுமுனை, முகப்பைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். கதவை மாட்டிய பிறகு அடி ஓரத்துக்குப் பிரஷ் போகாது என்பதால் பலரும் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கதவுகள் அடியிலிருந்து அழுகுவதற்கு இதுவே முதல் காரணம். கழற்றி வைத்திருக்கும்போதே வெட்டுமுனைக்கு மூன்று கை பூசவும். கீலுக்காக வெட்டிய குழிக்குள்ளும் பூசவும்.

உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டுக்கும் ஒரே அளவு பூச்சு வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் ஈரம் குடித்துக் கதவு வளையும்.

எண்ணெய்த் துணியால் தீ விபத்து

ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. ஆளி எண்ணெய் காற்றோடு சேர்ந்து உறையும்போது சூடு வெளியாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியின்றிப் பெருகி, யாரும் நெருப்பு வைக்காமலே சில மணி நேரத்தில் துணி தானாகத் தீப்பிடிக்கும். சாக்கும் வைக்கோலும் கிடக்கும் கொட்டகையில் இதன் விளைவு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. துணியைத் தண்ணீர் வாளியில் முக்கி வைக்கவும். அல்லது வெளியே கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவிட்டு, விறைப்பான பிறகு அப்புறப்படுத்தவும்.

கதவின் ஆயுளைக் கூட்டும் ஏற்பாடுகள்

கதவுக்கு மேலே இரண்டடி நீட்டி ஒரு தகரச் சரிவு அமைத்தால், பூச்சின் ஆயுள் வெகுவாகக் கூடும். எந்த உயர்ந்த பெயிண்டையும்விட இதுவே பெரிய பாதுகாப்பு. சாரல் எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் சற்று அகலமாக அமைக்கவும்.

கதவு மாட்டும்போது நிலைக்கும் கதவுக்கும் இடையே சுற்றிலும் ஒரு நெல்லளவு இடைவெளி விடவும். ஐப்பசி மழையில் கதவு ஊதி இறுகும்போது, உடனே இழைப்புளி போட்டுச் சீவிவிடக் கூடாது. அப்படிச் சீவினால் மாசியில் அது சுருங்கி, எலி புகும் அளவுக்குச் சந்து விழும். காய்ந்த காலத்தில் அளந்து பார்த்தே சீவ வேண்டும்.

காலையில் வாசல் தெளிக்கும் தண்ணீர் கதவின் அடியிலும் நிலைக்காலிலும் தெறிக்கிறது. வாசற்படிக்கு மஞ்சள் பூசும்போதும் நிலையின் மூலையில் தண்ணீர் தேங்குகிறது. வழக்கத்தை விட வேண்டியதில்லை. தெளித்த பின் ஒரு துணியால் அடிப்பகுதியைத் துடைத்துவிட்டால் போதும். நிலைக்கால் மண்ணில் புதைந்திருந்தால், சுற்றியுள்ள மண்ணை எடுத்துவிட்டுக் கல் மீது நிற்கும்படி செய்யவும். மண் தொடும் கட்டைக்குக் கரையானும் அழுகலும் நிச்சயம். கதவின் மீது விறகு, சாக்கு, எருமூட்டை சாய்த்து வைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும்.

கீல், தாழ்ப்பாள்களின் துருவைத் தேய்த்து, இரும்புக்கான ரெட் ஆக்சைடு பிரைமர் பூசி, திரும்பும் இடத்தில் கிரீஸ் வைத்து மாட்டவும். பழைய துரு ஆணிகளுக்குப் பதில் துத்தநாகம் பூசிய திருகாணிகளைப் போடவும்.

ஆண்டுக்கொரு முறை

பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போதே கதவையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். ஈரத்துணியால் துடைத்து, தண்ணீர்த் துளிச் சோதனை செய்து பார்க்கவும். பெயிண்டில் வெடிப்போ கொப்புளமோ தென்பட்ட இடத்தை மட்டும் சுரண்டித் தேய்த்து, பிரைமரும் பெயிண்டும் தொட்டுவிட்டால் முழுக் கதவுக்கும் செலவு வராது. செங்காவிப் பூச்சானால் வெயில் படும் பக்கத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஒரு கை கொடுத்துவரவும்.

பயிரில் நோய் கண்ட முதல் இலையிலேயே மருந்து அடிப்பவர் தோட்டத்தைக் காப்பாற்றுகிறார். கதவும் அப்படித்தான். சாம்பல் பூத்த நிலையில் கவனித்தால் உப்புத்தாளும் ஒரு டப்பா பெயிண்டும் போதும். அழுகிய பின் கவனித்தால் தச்சுக்கூலியும் ஒட்டுக்கட்டையும் தேவைப்படும். அதற்கும் மேல் தாமதித்தால், மலையில் கிடைப்பதற்கரிய மரத்தை விலை கொடுத்து வாங்கும்படி ஆகும். இந்த மாசியில் வெயில் தெளிந்ததும், முதல் வேலையாகக் கதவின் அடி ஓரத்தில் கத்திமுனையை வைத்துக் குத்திப் பாருங்கள்.